கடைமடைக்காரருக்கு ஒரு மனநிறைவு மாலை

பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே, கிளை வாய்க்கால் முடிகிற இடத்தில் சென்னிமலைக்கு மூன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. இரண்டு ஏக்கரில் நெல், மிச்சத்தில் தென்னை. அந்த வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் இரும்பு ஷட்டர் இரண்டு வருஷமாகத் துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்தது. பெரிய வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும். ஷட்டருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டு ஓடும். கடைமடையில் இருந்த நாற்பது குடும்பமும் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும். போன வருஷம் கடப்பாறை போட்டு நெம்பிப் பார்த்த ஒருவர் மேல் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு ஆகிவிட்டது. ஷட்டர் அசையவே இல்லை, கடப்பாறைதான் வளைந்தது என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை நெல் பொதி கட்ட, அதாவது கதிர் உள்ளே திரள, இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அப்போது தண்ணீர் ஒருமுறை பாய்ந்தால் போதும், கதிர் வெளியே வந்துவிடும். சென்னிமலை நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கி, தன் பெயரில் ஒரு பராதி, அதாவது புகார் மனு, எழுதினார். ஷட்டர் எங்கே இருக்கிறது, எந்தப் பல்லில் துரு ஏறியிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, முடிக்கும்போது மரியாதைக்காக ஒரு வரி சேர்த்தார். "இதனால் எங்களுக்கு மனசு மிகவும் கஷ்டமாக இருக்கிறது."

அந்த வரிதான் அவரைக் கொச்சிவரை கொண்டுபோனது.

இருபது நாள் கழித்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஸ்ரீரஞ்சனி என்ற பெண் இறங்கினாள். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி, முப்பது வயது இருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'எல்லையோர மக்கள் மனநிறைவு மிஷன்' என்று போட்டிருந்தது.

"மாமா, உங்க பராதி எங்களுக்குத்தான் வந்திருக்காக்கும்," என்றாள் சிரித்த முகமாக.

"ரொம்பச் சந்தோசமுங்க அம்மிணி. ஷட்டரக் காட்டறனுங்க, வாங்க," என்று சென்னிமலை செருப்பை மாட்டினார்.

"ஷட்டர் நான் பார்க்கப்படாது மாமா. எங்க ஆபீஸ் மனசு மட்டுந்தான் பார்க்கும். கம்ப்யூட்டர் எல்லாப் பராதியையும் படிச்சுப் பார்த்து, மனசுங்கற வார்த்தை இருந்தாக்க எங்களுக்கு அனுப்பிடும். உங்களோடது முழுக்க முழுக்க மனசு கேஸாக்கும்."

"அதுக்கு மேல பூரா வாய்க்கால்னுதானுங்க எழுதியிருக்குது?"

"அதைக் கம்ப்யூட்டர் பின்னணி விவரம்னு எடுத்துண்டிருக்கு," என்று சொல்லி அவள் ஒரு உறையைக் கொடுத்தாள்.

சென்னிமலை, மனைவி கருப்பாத்தாள் இருவரும் அடுத்த மாதம் பதினாலாம் தேதி கொச்சியில் உள்ள ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் 'மனநிறைவு மாலை'க்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள், அங்கே அவர்களுக்கு நகர்ப்புற முறையில் விருந்தும் நடனமும் அளிக்கப்படும் என்று அதில் இருந்தது. நடனம் குறைந்தது நாற்பது நிமிஷம்.

கருப்பாத்தாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, யாரு ஆடறது?"

"நம்மதானாமா."

"வரலைன்னு சொல்லிப்போட்டா என்னாகுமுங்க அம்மிணி?" என்று சென்னிமலை கேட்டார்.

"பராதிக்காரர் ஒத்துழைக்கலைன்னு ஃபைலை மூடிடுவா. அப்பறம் மூணு வருஷத்துக்கு எந்தப் பராதியும் கொடுக்க முடியாது கேட்டேளா. நாப்பது பேர் ஒப்பு போட்டிருக்கா. நீங்க யோசிச்சுக்கோங்கோ."

சென்னிமலைக்கு யோசிக்க அதிகம் இல்லை. நாற்பது குடும்பத்தின் தண்ணீர் தன் கால் ஆட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

அடுத்து வந்தவை காகிதங்கள். முதலில் ஆடுவதற்கு உடல் தகுதிச் சான்று. ஆஸ்பத்திரி டாக்டர் கருப்பாத்தாளின் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு தேய்ந்திருக்கிறது, ஆடக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். மிஷன் அதை அன்போடு ஏற்றுக்கொண்டு, அவளை 'உட்கார்ந்து ஆடுவோர்' பிரிவில் சேர்த்தது. இடுப்புக்கு மேலே மட்டும் ஆடினால் போதும்.

பிறகு தம்பதி என்பதற்கு ஆதாரம். இவர்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. பதிவு கிடையாது. எடுத்த ஒரே போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. ரேஷன் கார்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் கார்டில் குடும்பத் தலைவி கருப்பாத்தாள்; சென்னிமலை அவளுக்குக் கணவர். குமாஸ்தா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீங்கள் அவருக்குக் கணவர் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. அவர் உங்களுக்கு மனைவி என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சந்தேகம் சென்னிமலைக்கு வந்ததில்லை. கடைசியில் இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு சான்று கொடுத்தார்கள். 'மேற்படியாள் மேற்படியாரின் மனைவி. இச்சான்று நடன நோக்கத்துக்கு மட்டும் செல்லும்.'

கருப்பாத்தாள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "சோறாக்கிப் போடோணுமின்னா வேற சீட்டு வாங்கோணுமுங்களா?" என்றாள்.

ஆனாலும் பதினாலாம் தேதி காலையில் அவள் பெட்டியின் அடியிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மிஷன் வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வடக்கஞ்சேரி தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரும் மட்டும் இப்படிக் கெளம்பி எத்தன வருசமாச்சுங்க," என்றாள். சென்னிமலை கணக்குப் போட்டுப் பார்த்தார். பழனிக்கு ஒருமுறை போனது. அதுவும் மகள் கைக்குழந்தையாகக் கூட இருந்தாள். அந்த மூன்று மணி நேரம் மட்டும், இந்தப் பயணத்துக்குக் காரணமான ஷட்டரை அவர் நினைக்கவில்லை.

ஹோட்டல் வாசலில் ஆளுக்கு ஒரு கைப்பட்டை கட்டினார்கள். கைக்கடிகாரம் மாதிரி இருந்தது, மணி மட்டும் காட்டவில்லை.

"இது உங்க நாடித்துடிப்பைப் பார்த்துச் சந்தோஷத்தை அளக்கும் மாமா," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "துடிப்பு ஏற ஏற மார்க் ஏறும். முன்னாடி எல்லாம் வாயால கேட்டுண்டிருந்தோம். எல்லாரும் பொய் சொல்றா. தண்ணி வரலை, ரோடு வரலைன்னு. இப்ப மெஷின் பார்த்துண்டுடும்."

பெரிய கூடத்தில் வட்ட மேஜைகள். அவர்கள் மேஜையில் ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் சுடலைமணியும் அவர் மனைவி ராமலட்சுமியும். சுடலைமணி நாற்காலியில் சாய்ந்திருந்த தோரணை, அந்த இடத்துக்குப் பழகியவர் போல இருந்தது.

"மொதத் தடவையா வாரிய அண்ணாச்சி?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"நாங்க மூணாந் தடவை. எங்க லயத்து வீடுகளுக்குப் போற பாலம் ஒடஞ்சு கெடக்கு. பிரசவத்துக்கு ஒரு பொம்பளப் பிள்ளைய ஓடையில தூக்கிட்டுப் போனோம். அத எழுதிப் போட்டேன். மனசு கேக்கலன்னு ஒரு வார்த்தை எழுதிட்டேன் பாத்துக்கிடுங்க."

"அப்பறம் ஏனுங்க மூணு தடவ?"

"சந்தோசம் வரலன்னு மெஷின் சொல்லிட்டு. மொதத் தடவை முப்பத்தொண்ணு. ரெண்டாந் தடவை இருபத்தாறு. மார்க் கொறஞ்சா மறுக்கா கூப்பிடுவாக. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் கூலி போயிருது. கூலி போச்சேன்னு நெனச்சா மார்க் இன்னும் கொறையுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல எந்திரிச்சு வெளிய மட்டும் போயிராதிய. பட்டைக்கு சிக்னல் போயிரும். சைபர் போட்டு அடுத்த மாசமும் கூட்டிட்டு வந்துருவாக."

ராமலட்சுமி தலையை ஆட்டினாள். அவள் கை ஏற்கெனவே, யாரும் சொல்லாமலே, மேஜை மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாம்.

மிஷன் இயக்குநர் வெங்கடகிருஷ்ணன் மேடை ஏறினார். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனக் கீற்று. அவர் பேசி முடிக்கும்வரை சாப்பாடு வராது என்பது விதி.

"நண்பர்களே, ஒரு ஷட்டரைப் பழுதுபார்க்கப் பதினொரு கையெழுத்து வேண்டும். ஒரு மனதைப் பழுதுபார்க்க ஒரே கையெழுத்துப் போதும். அது என்னுடையது. இதற்கு முன்னால் நான் தண்ணீர் சம்பந்தப்பட்ட ஒரு பொறுப்பில் நான்கு வருஷம் இருந்தேன். என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் மக்கள் தண்ணீர் கேட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த மிஷனுக்கு வந்த பிறகு யாரும் என்னிடம் தண்ணீர் கேட்பதில்லை. கேட்டாலும் அது என் துறை இல்லை. நான் நன்றாகத் தூங்குகிறேன். ஒரு தனிமனிதனுக்கே இவ்வளவு நிறைவு தந்த மிஷன் உங்களுக்குத் தராதா?"

கைதட்டல் எழுந்தது. கைதட்டினால் நாடி ஏறும் என்று சுடலைமணி சொன்னதால் சென்னிமலையும் பலமாகத் தட்டினார்.

"இன்னொன்று யோசியுங்கள். வயலுக்குத் தண்ணீர் விட்டால் ஒரு போகம்தான் விளையும். அடுத்த போகத்துக்கு மறுபடி கேட்பார்கள். அது முடிவில்லாத வேலை. மனநிறைவு அப்படியல்ல. ஒருமுறை பதிவாகிவிட்டால் மூன்று வருஷத்துக்குச் செல்லும்."

முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு வந்தது. முறத்தளவு தட்டு, நடுவில் ஒரு ஸ்பூன் அளவுக்கு வெள்ளையாக நுரை. பரிமாறியவன் இடுப்பை வளைத்து, "இது கிழக்குப் பாலக்காட்டுத் தென்னையின் நினைவு," என்று மலையாளத்தில் சொன்னான்.

"நெனவு மட்டுந்தான் வருமுங்களா? தேங்கா வராதுங்களா?" என்று கருப்பாத்தாள் கேட்டாள். அவன் மறுபடி வளைந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஆறு தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றின் நினைவு இருந்தது. ஏழாவது தட்டு போனபோது சென்னிமலைக்கு நல்ல பசி.

விளக்குகள் அணைந்தன. நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுழல ஆரம்பித்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உரல் இடிக்கிற மாதிரி பாட்டு எழுந்தது. மேடையில் ஒருவன் காதில் ஹெட்போனைப் பொத்திக்கொண்டு கத்தினான். எல்லாரும் நடுக்களத்துக்கு வந்தார்கள். கருப்பாத்தாளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அதையும் தூக்கிக் களத்தில் வைத்தார்கள். அவள் இரண்டு கைகளையும், கோழியை விரட்டுகிற மாதிரி, முன்னும் பின்னும் ஆட்டினாள்.

சென்னிமலை கால் மாற்றிக் கால் நின்றார். கைப்பட்டையில் பதினெட்டு என்று காட்டியது. பக்கத்தில் சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சென்னிமலையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்து மோகனசுந்தரம்.

"மாமா! தண்ணி வந்துருச்சுங்க! நாளக்கழிச்சுன்னு சொன்னத இன்னைக்கே தொறந்துட்டாங்க. பெரிய வாய்க்கால் முட்ட ஓடுது!"

சென்னிமலை ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் அந்த ஷட்டர் திருகில் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் வருகிற அன்று தானே முன்நின்று திறப்பது என்று மோகனசுந்தரத்திடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார். அது இடப்பக்கம் திரும்பினால்தான் மேலே ஏறும் என்பதும், வலப்பக்கம் கொஞ்சம் பலம் கொடுத்தாலும் மரை முறிந்துபோகும் என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஏழு பேரு நிக்கறமுங்க. பெரிய ஸ்பேனர் போட்டாச்சு. அசையுது மாமா! எந்தப் பக்கமுங்க திருப்பறது?"

"எடப்பக்கம்!" என்றார் சென்னிமலை.

"ஏனுங்க? கேக்கலீங்க! என்ன அங்க ஒரே கொட்டுச் சத்தம்?"

"எடப்பக்கம்! எடப்பக்கம்!"

அவர் வாசல் பக்கம் ஓடினார். கோட்டுப் போட்ட இரண்டு பேர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள். "நிறைவு ஆகாமல் வெளியே விட அனுமதி இல்லை," என்றார்கள் மரியாதையாக. அவர் திரும்பி ஓடிவந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, மோகனசுந்தரத்தின் கண்ணுக்குத் தெரியும் என்பது போல இடப்பக்கமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். "எடப்பக்கம்டா! வலப்பக்கம் திருப்பிப் போடாதீங்கடா!" என்று காலைத் தரையில் உதைத்துக் கத்தினார்.

மேடையில் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டான். "எடப்பக்கம்!" என்று மைக்கில் ஒரு கூவல். அதையே தாளத்தோடு சேர்த்துவிட்டான். நூறு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி இடப்பக்கமாகச் சுழற்றினார்கள். தரையை உதைத்தார்கள். வெளிச்சம் முழுவதும் சென்னிமலை மேல் வந்து நின்றது.

"பாட்ட நிறுத்துங்க!" என்றார் அவர்.

"பாட்ட நிறுத்துங்க!" என்று நூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள். பாட்டு நிற்கவில்லை.

போனில் சத்தம் விட்டு விட்டு வந்தது. "...பக்கமுங்களா? ...வலப்... சரிங்க மாமா..." அதன்பிறகு எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் கழித்து மோகனசுந்தரத்தின் குரல் மெதுவாக வந்தது. அந்த இரைச்சலிலும் அது மட்டும் சென்னிமலைக்குத் தெளிவாகக் கேட்டது.

"மாமா, மரை முறிஞ்சு போச்சுங்க."

சென்னிமலைக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கைப்பட்டை பச்சையாக மின்னி, பீப் பீப் என்று கூவ ஆரம்பித்தது. தொண்ணூற்றேழு. மிஷன் தொடங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத எண்.

பாட்டு இப்போது நின்றது. வெங்கடகிருஷ்ணன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

"எங்க ஷட்டருங்க," என்றார் சென்னிமலை. "ஷட்டரு போயிருச்சுங்க. நெல்லுப் போயிருச்சுங்க." அழுதுவிட்டார்.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றார் வெங்கடகிருஷ்ணன், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "கவனியுங்கள். ஷட்டர் போய்விட்டது என்கிறார். அவர் மனதிலிருந்து ஷட்டர் போய்விட்டது. இதற்காகத்தான் இந்த மிஷன்."

கூடம் அதிரக் கைதட்டியது. சுடலைமணி மட்டும் தட்டவில்லை. அவர் தன் பட்டையைப் பார்த்தார். இருபத்திரண்டு. ராமலட்சுமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் வரணுமா?" என்றாள்.

திரும்பும் வழியில் வேனில் கருப்பாத்தாள் கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொல்லங்கோடு வந்தபோது விடிந்துவிட்டது. பெரிய வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பத்து நாளில் பொதி கட்டிய நெல் அப்படியே வெளுத்துப் போயிற்று. சென்னிமலை அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார். அவர் ஆடிய வீடியோ அதற்குள் எல்லார் போனுக்கும் வந்திருந்தது. பின்னணியில் பாட்டு வேறு. வயலில் தண்ணீருக்கு ஏழு பேர் திருகோடு மல்லுக்கட்டிய அதே நேரத்தில் சென்னிமலை மாலை போட்டுக்கொண்டு ஆடினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சொசைட்டியில் பால் ஊற்றப் போனால் வரிசை அவருக்கு வழி விட்டு ஒதுங்கியது. மரியாதையில் ஒதுங்கவில்லை. மோகனசுந்தரம் மட்டும் வீட்டுக்கு வந்து, "எம் மேலதானுங்க மாமா தப்பு, சரியாக் கேக்கல," என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து போனான்.

சென்னிமலை மறுபடி ஒரு பராதி எழுதினார். இந்தத் தடவை மனசு என்ற சொல்லோ, கஷ்டம் என்ற சொல்லோ எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். நான்கே நாளில் பதில் வந்தது. மனுதாரர் தொண்ணூற்றேழு சதவீதம் மனநிறைவு அடைந்தவர் என்று பதிவாகியிருப்பதால், மூன்று வருஷத்துக்கு அவருக்குக் குறை எதுவும் இருக்க வாய்ப்பில்லை. அவரோடு முன்பு கையெழுத்திட்ட முப்பத்தொன்பது பேருக்கும் இது பொருந்தும்.

அந்தக் கடிதத்தோடு இன்னொன்றும் இருந்தது. அவரை வட்டாரத்தின் 'மனநிறைவுத் தூதர்' ஆக்கியிருந்தார்கள். இனிமேல் கொச்சி வரை யாரும் அலைய வேண்டியதில்லை, மனநிறைவு மாலையே ஊருக்கு வரும் என்று இயக்குநர் எழுதியிருந்தார்.

வந்தது. ஸ்ரீரஞ்சனி ஜீப்பில் இடம் பார்க்க வந்தாள். நாற்பது குடும்பம் ஆட ஒரே சமதளமான இடம், காங்கிரீட் போட்ட தரை, இரண்டு பக்கமும் உட்காரச் சரிவு. அப்படி ஒரு இடம் அவள் கண்ணில் பட்டது. வறண்டு கிடந்த கிளை வாய்க்கால்தான். மூன்றாம் நாள் தேதி சொல்ல அவள் மறுபடி வந்தாள்.

"தண்ணி வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று சென்னிமலை கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. "அன்னைக்கு முறைத் தண்ணி வர்ற நாளுங்க அம்மிணி."

"அதுக்கு ஆர்டர் வாங்கியாச்சு மாமா," என்று அவள் காகிதத்தைக் காட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்கிட்ட ஒண்ணும் கேட்காதேங்கோ மாமா," என்றாள்.

நடன மேடையின் பாதுகாப்பை முன்னிட்டு மேற்படி ஷட்டரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று அதில் இருந்தது. முறிந்துபோன ஷட்டருக்குக் கிடைத்த முதல் அரசு உத்தரவு அதுதான். பதினொரு கையெழுத்தும் இருந்தன. இரண்டே நாளில் வாங்கியிருந்தார்கள்.

குறித்த நாள் சாயங்காலம் வாய்க்கால் அடியில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். விளக்குத் தோரணம் கட்டினார்கள். நாற்பது குடும்பமும் கைப்பட்டையோடு வரிசையாக இறங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேச்சு முடிந்ததும் தூதர்தான் முதலில் ஆட வேண்டும்.

முழங்கால் வலிக்காரி கருப்பாத்தாளுக்கு நாற்காலியை ஷட்டரின் ஓரமாகப் போட்டிருந்தார்கள். அவள் கையை நீட்டி ஷட்டரின் இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இதுல கைய வெச்சுப் பாருங்க. எப்படிக் குளுகுளுன்னு இருக்குது."

சென்னிமலை போய் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஈரம் கசியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் தண்ணீர் மோதி மோதி ஓடுவது கை வழியாகத் தெரிந்தது. பின்னால் மைக்கில் யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். இரண்டாம் முறையும் சொன்னார்கள். அவர் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.